அசல் ஆள் வருகிறார்!

19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவில் எல்லைப்புற நாடகங்களுக்குப் பெரும் மவுசு இருந்தது. மேற்குச் சமவெளியின் வேட்டையையும் சண்டையையும் கிழக்கு நகரங்களின் மேடையில் நடித்துக் காட்டுவார்கள். ரயிலில் ஊர் ஊராகப் போன இந்தக் குழுக்களில் பெரும் புகழ் பெற்றவர், பஃபலோ பில் என்று உலகம் அறிந்த வில்லியம் கோடி. அவருடைய நாடகங்கள் கலைநயத்தில் உயர்ந்தவை அல்ல. ஆனாலும் கூட்டம் அலைமோதியது. அங்கே விற்பனையானது நாடகமே இல்லை, ‘இவர் அசல் ஆள்’ என்ற நம்பிக்கை என்பதே என் கருத்து. அந்த நம்பிக்கையை விளம்பரம் எப்படி வளர்த்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

கோடி ராணுவத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர், காட்டெருமை வேட்டைக்காரர். 1869-ல் நெட் பன்ட்லைன் என்ற எழுத்தாளர் அவரைக் கதாநாயகனாக்கி ஒரு நியூயார்க் வார இதழில் தொடர்கதை எழுதினார். மூன்று ஆண்டு கழித்து, 1872 டிசம்பரில், அதே பன்ட்லைன் அவரைச் சிகாகோவில் மேடை ஏற்றினார். முதல் நாளே கோடிக்கு வசனம் மறந்துபோயிற்று. உடன் நடித்த பன்ட்லைன், சமீபத்தில் எங்கே போயிருந்தாய் என்று கேட்டு எடுத்துக்கொடுக்க, கோடி தாம் போன ஒரு வேட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம். அரங்கம் அதிர்ந்தது என்று அவரே தம் சுயசரிதையில் சொல்கிறார். கவனியுங்கள் நேயர்களே, எழுதிய வசனம் போனதில் ஜனங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் பார்க்க வந்தது அந்த மனிதரை. அதே மேடையில் பூர்வகுடி வீரர்களாக நின்றவர்கள் சிகாகோவில் கூலிக்குப் பிடித்த துணை நடிகர்கள். பூர்வகுடிப் பெண்ணாக நடித்தவர் மொர்லாக்கி என்ற இத்தாலிய நடனக்காரி. ஒரு பக்கம் மட்டும் அசலாக இருந்தாலே போதுமானதாக இருந்தது.

ரயிலும் மலிவான அச்சும் வந்த காலம், கூட்டம் சேர்ந்ததில் என்ன அதிசயம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குழு வந்து இறங்கும் முன்பே அதன் முன்னேற்பாட்டாளர் ஊருக்குள் வந்துவிடுவார். சுவரெல்லாம் வண்ணச் சுவரொட்டி ஒட்டப்படும். கடைக் கண்ணாடியில் படம் வைக்க இடம் கொடுத்தவருக்கு இலவச டிக்கெட், பத்திரிகை அலுவலகத்துக்கு அச்சுக்குத் தயாரான செய்தி. ஆனால் இந்த வசதிகள் சர்க்கஸ்காரர், பாட்டுக் குழுக்காரர் எல்லாருக்கும்தான் இருந்தன. கோடிக்காக வேலை பார்த்த ஜான் பர்க் என்ற விளம்பரக்காரர் அவற்றோடு இன்னொன்றும் சேர்த்தார்: சான்று. பிற்காலத்தில் நிகழ்ச்சிக் கையேட்டில் ராணுவத் தளபதிகளின் பாராட்டுக் கடிதங்களே அச்சாகின. கேளிக்கைக்குச் சரித்திரப் பாடத்தின் மதிப்பு வந்துவிட்டது.

சான்று காட்டும் இந்த வழக்கம் எந்த எல்லைவரை போயிற்று என்பதற்கு 1876 ஒன்றே போதும். அந்த ஆண்டு கோடி நாடகத்தை நிறுத்திவிட்டு ராணுவத்துக்குத் திரும்பினார். ஜூன் 25-ல் ராணுவத் தளபதி கஸ்டரின் படை லிட்டில் பிக்ஹார்னில் பூர்வகுடிகளிடம் தோற்று அழிந்தது. அதைத் தொடர்ந்து ஜூலை 17-ல் நெப்ராஸ்காவில் நடந்த ஒரு மோதலில் யெல்லோ ஹேர் என்ற ஷையன் இன வீரரைக் கோடி கொன்று, தலைத்தோலை உரித்தெடுத்தார். அன்று அவர் உடுத்தியிருந்தது கருப்பு வெல்வெட்டில் தைத்த மேடை உடை. களத்திலேயே மேடைக்கான ஒப்பனையோடு நின்றிருக்கிறார்! அடுத்த நாடகப் பருவத்தில் அந்தச் சண்டையே நாடகமாகி ஊர் ஊராகப் போனது. கொல்லப்பட்டவரின் தலைத்தோலும் இறகுக் கிரீடமும் விளம்பரத்துக்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. பாதிரியார்களும் பத்திரிகைகளும் கண்டித்தார்கள். அந்தக் கண்டனமும் கோடியின் பெயரைப் பரப்பவே உதவியது.

அவர் சண்டை போட்டது உண்மைதானே, இதில் பொய் எங்கே என்பது அடுத்த வாதம். உண்மை இருந்ததுதான் இங்கே ஆபத்து. ஆள் அசல் என்பதால் அவர் காட்டிய கதையும் அசல் என்று ஜனங்கள் நம்பினார்கள். 1883-ல் அவர் தொடங்கிய திறந்தவெளிக் காட்சியிலும் பூர்வகுடிகள் குடியேறிகளின் வீட்டையும் கோச்சு வண்டியையும் தாக்கினார்கள். நிலம் பறிகொடுத்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்களாகத் தெரிந்தார்கள். பிறகு பூர்வகுடிகளே சம்பளத்துக்கு நடித்தார்களே என்றால், ஆம், நடித்தார்கள். 1885-ல் லகோட்டா இனத் தலைவர் சிட்டிங் புல் வாரம் 50 டாலருக்கு நான்கு மாதம் சுற்றினார். அரசு பூர்வகுடிகளைக் குடியிருத்திய ஒதுக்கிடத்தின் கெடுபிடியிலிருந்து அது ஒரு விடுதலையாகவும் பலருக்கு இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கதையைச் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் இல்லை.

நேரம் நெருங்கிவிட்டது நேயர்களே. அசல் ஆள், அச்சடித்த சான்று, பத்திரிகையின் உதவி: இந்த மூன்றும் சேர்ந்து ஒரு தரப்பின் கதையைச் சரித்திரம் ஆக்கின. ‘உண்மைச் சம்பவம்’ என்ற முத்திரையோடு இன்றும் எத்தனையோ கதைகள் நம் முன் வருகின்றன. அவற்றைப் பார்க்கும்போது, இதில் யாருடைய பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு முறை கேளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுங்கள்.