முற்றத்துப் பேரீச்சையும் கொமூனே அனுமதியும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகாதவன். ஏ.எல். எழுதினதோடை படிப்பை விட்டவன், இப்ப பக்டரி வேலை. செயலாளர் அண்ணைதான் "தம்பி, உங்கடை வீட்டு மரக்கதையைச் சொல்லும், நாலு பேருக்குப் பிரயோசனப்படும்" என்று விடாப்பிடியாய் நின்றவர். பிழை இருந்தால் அவரைப் பிடியுங்கோ.

நாங்கள் பழைய நகரத்துக்குள்ளை ஒரு வீட்டில் மூன்று குடும்பமாய் இருக்கிறம். முற்றத்தில் ஒரு பெரிய கனாரிப் பேரீச்சை நின்றது. போன வருசம் அதின்ரை ஓலையெல்லாம் விரித்த குடை மாதிரிச் சரிந்து போச்சுது. கிட்டப்போய் நின்றால் மரத்துக்குள்ளை கறுக்கு முறுக்கென்று சத்தம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது எங்கடை ஊர்த் தென்னையைத் தின்னுற அதே சிவப்புக் கூன்வண்டு! 2004இல் இத்தாலியில் முதல் கண்டுபிடித்து, 2005இல் சிசிலிக்கும் வந்து, பலெர்மோவிலை எத்தனையோ பேரீச்சையை விழுத்திப்போட்டுது. எங்களைப்போல ஆசியாவிலையிருந்து வந்ததுதான், ஆனால் அதுக்கு ஒருத்தரும் விசாக் கேட்கவில்லை.

மரத்துக்குக் கீழேதான் பிள்ளைகள் விளையாடுறவை. வீட்டுக்காரர் வடக்கே எங்கேயோ இருக்கிறார். ரெலிபோன் எடுத்தால் "நீங்களே பாருங்கோ" என்று வைத்துவிட்டார். அப்ப நாங்கள் ஆம்பிளைகள் நாலு பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வாளும் கயிறும் கொண்டுவந்து விழுத்துவம் என்று முடிவெடுத்தம். வாளும் வாங்கியாச்சு. பக்கத்து வீட்டுச் சிசிலிக்கார ஆச்சி யன்னலுக்குள்ளாலை எட்டிப் பார்த்து ஒரே ஒரு சொல்லுத்தான் கத்தினா: "பெர்மெஸ்ஸோ!"

அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என்ரை பெர்மெஸ்ஸோ அப்ப புதுப்பிக்கக் குடுத்திருந்த நேரம். மனுசி அழாக்குறை. "கந்தோருக்குப் போனால் வீட்டிலை எத்தனை பேர் என்று கேட்பாங்கள், போகவேண்டாம்" என்றா. வெட்டவும் பயம், கேட்கவும் பயம். இரண்டு கிழமை அப்படியே போச்சுது. அந்த இரண்டு கிழமையும் பிள்ளைகளை முற்றத்துக்கு விடாமல் அடைத்து வைத்திருந்தம். காற்றடித்த இரவுகளில் நான் நித்திரை கொள்ளவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தன். ஊரிலையும் இது புதுசில்லையே! பலா, ஈரப்பலா, பெண்பனை வெட்டுறதெண்டால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்கவேண்டும். எங்கடை அப்பப்பா ஒரு பலாமரம் தறிக்கக் கிராம சேவகரிட்டையும் கச்சேரிக்கும் நடந்த கதையைச் சொல்லுவார். சண்டைக் காலத்தில் பங்கருக்கென்று எத்தனை பனை விழுந்தது, அதுக்கு யார் அனுமதி கேட்டது? அது வேறை கதை, விடுவம்.

ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கொமூனேக்குப் போனன். ஒரு கந்தோரிலையிருந்து இன்னொன்றுக்கு, அங்கேயிருந்து திரும்ப முதல் இடத்துக்கு. கடைசியாய் ஒரு பெண்பிள்ளை பொறுமையாய் விளங்கப்படுத்தினா. வாடகைக்கு இருக்கிறவன் கேட்க ஏலாது, சொந்தக்காரர்தான் கேட்கவேண்டும். இல்லாட்டில் அவர் எழுதித் தாற தெலெகாவும், அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் வேண்டும். மரத்தின்ரை படம், மரம் தெரிந்த ஒரு அக்ரோனமோ எழுதின அறிக்கை, 16 யூரோ மார்க்கா த போல்லோ. பழைய நகரம் என்றபடியால் சொப்ரின்தென்த்சாவின் நுல்லா ஒஸ்தாவும் வேண்டுமாம். நான் சிரித்துப்போட்டன். மனுசியைக் கூப்பிட எடுத்ததும் நுல்லா ஒஸ்தா, மரத்தை அனுப்பவும் நுல்லா ஒஸ்தா! ஒருத்தரும் வீட்டிலை எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

வண்டு பிடித்த மரத்தைக் கட்டாயமாய் அறிவித்து அழிக்கவேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2007இல் வந்தது, 2018இல் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுக்கு எல்லா இடமும் பரவிவிட்டது. ஆகையால் பழைய ஆட்கள் சொல்லுறதை மட்டும் நம்பாமல் நேரே போய்க் கேளுங்கோ.

அறிக்கைக் காசு வீட்டுக்காரர் கட்ட, கடதாசி வரும் மட்டும் முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டினம். பிறகு ஆட்கள் வந்து, மேலேயிருந்து துண்டு துண்டாய் அறுத்து, மூடின லொறியில் கொண்டுபோனவை. திறந்து விட்டால் வண்டு பறந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும். ஒரு துண்டை உடைத்துக் காட்டினவை, உள்ளுக்குள்ளை விரல் மொத்தத்தில் புழு. நாங்கள் நாலு பேரும் வாளோடை ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்பவும் நினைக்கிறன்.

இன்னொரு விசயம். எல்லா மரமும் ஒரே மாதிரியில்லை. பியாற்சா மரீனாவில் நிற்கிற அந்தப் பென்னாம்பெரிய மரம், எங்கடை ஆலமரத்துக்குச் சொந்தக்காரன், அவுஸ்திரேலியாவிலையிருந்து வந்த இனம். அப்படி நினைவுச்சின்னமாய்ப் பதிந்த மரத்தை அனுமதியில்லாமல் வெட்டினால் 2013ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி 5,000 யூரோவிலையிருந்து 100,000 யூரோ வரை தண்டம். வியா நொத்தார்பார்த்தொலோவில் நீதவான் பல்கோனேயின் வீட்டு வாசல் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1992 மே 23இல் அவரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு சனம் கடதாசியும் பூவும் அதிலைதான் கட்டிவிட்டது. குருவிக்கூடு இருக்கிற கொப்பிலையும் கை வைக்கக்கூடாது, அதுக்கும் சட்டம் இருக்குது.

அந்தக் கந்தோரிலை காத்திருந்தபோதுதான் இன்னொரு சட்டமும் அறிந்தன். 1992இல் வந்தது. பதிவு செய்யப்படுகிற ஒவ்வொரு பிறந்த குழந்தைக்கும் கொமூனே ஒரு மரம் நடவேண்டும். 2013இலையிருந்து 15,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு. என்ரை மகள் இங்கேதான் பிறந்தவள். அவளின்ரை மரம் எங்கே என்று கேட்க அடுத்த மாதம் லீவு போடப்போறன்.

தெலெகா மாதிரிப் படிவம் பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறன். தேவையானவர்கள் தேத்தண்ணி குடிக்கேக்கை என்னைச் சந்தியுங்கோ. வாளும் இருக்குது, பாவிக்காத வாள், அரை விலைக்குத் தருவன்.