கேட்டதும் கிடைத்ததும்



இந்தப் பட்டமளிப்பு விழாவுக்குக் கடலூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குக் குண்டு உப்பலவாடி தெரிந்திருக்கும். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு கணக்கு இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். அந்த வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. விற்றவர்களும் வாங்கியவர்களும் கூடிப் பேசி முடித்தார்கள். உப்பலவாடிக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை.

பன்னாட்டு நிதி என்றதும் வாஷிங்டன், லண்டன் என்று மனம் ஓடுகிறது. நம் ஊர் அதற்குள் வந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பேச்சு நடக்கும் இடத்தில் நம் ஆள் இருந்தாரா, இருந்து என்ன கேட்டார் என்பதுதான் விஷயம். அப்படி இருந்து கேட்ட ஒருவர் 1951-52இல் இதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

கோயம்புத்தூர்க்காரர், சட்டம் படித்தவர், நீதிக்கட்சிக்காரர். மத்திய சட்டசபையின் தலைவராக இருந்தார். கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். எர்ணாகுளத்தில் இன்றும் அவர் பெயரில் சாலை இருக்கிறது. தமிழிசைக்காகப் பாடுபட்டார், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதினார். எல்லாருக்கும் பிடித்தவர் அல்லர். 1932இல் ஒட்டாவா மாநாட்டுக்குப் போய், பிரிட்டிஷ் பேரரசுக்குச் சாதகமான சுங்க ஒப்பந்தத்தை ஆதரித்ததற்காகக் காங்கிரஸ்காரர்கள் அவரை வறுத்தெடுத்தார்கள். 1934 தேர்தலில் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். என்னைக் கேட்டால், ஒட்டாவா விஷயத்தில் காங்கிரஸ் பக்கமே நியாயம் கூடுதல்.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடின. பன்னாட்டு நாணய நிதியமும் உலக வங்கியும் அங்கே உருவாயின. இந்தியக் குழுவுக்கு ஆங்கிலேயரான நிதி உறுப்பினர் ரைஸ்மன் தலைவர். ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி. தேஷ்முக், பம்பாயின் ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோருடன் சண்முகம் செட்டியாரும் அதில் இருந்தார். நாடு இன்னும் அடிமை நாடுதான். ஆனால் அவர்கள் கையில் ஒரு பெரிய கடன் பத்திரம் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டன் இந்தியாவிலிருந்து தானியமும் துணியும் தளவாடமும் வாங்கியது. அதற்கான விலை லண்டனில் பவுனாகக் கணக்கில் எழுதப்பட்டது. அந்தக் கணக்கை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அச்சிட்டது. சரக்கு கப்பலேறிப் போனது, நோட்டு ஊரில் பெருகியது, விலைவாசி ஏறியது. 1943இல் வங்காளம் பட்டினியில் செத்தது. போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தரவேண்டிய பாக்கி சுமார் 130 கோடி பவுன். வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது, சேர்க்கச் சொல்லி யாரும் நம்மைக் கேட்காமலே சேர்ந்தது.

இந்தப் பாக்கியில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ளப் புதிய நிதியம் வழி செய்யவேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது. வங்கியில் லட்சக்கணக்கில் இருப்பு வைத்திருப்பவன் டாக்சிக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாமல் நிற்பதைப் போல இருக்கிறது எங்கள் நிலை என்றார் ஷ்ராஃப். பிரிட்டிஷ் குழுவின் தலைவர் கெயின்ஸ் மரியாதையாக நன்றி சொல்லி, இது எங்களுக்கும் உங்களுக்கும் இடையிலான விவகாரம், தனியே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று முடித்துவிட்டார். பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சியை நிதியத்தின் நோக்கங்களில் சேர்க்கச் சொல்லியும் நம்மவர்கள் வாதாடினார்கள். கேட்ட வாசகம் கிடைக்கவில்லை. எல்லா உறுப்பு நாடுகளின் உற்பத்தி வளங்களையும் வளர்ப்பது என்ற தொடர் மட்டும் முதல் விதியில் இடம்பிடித்தது. நம் பங்கு 40 கோடி டாலர் என்று முடிவாகி, ஆறாவது இடம் கிடைத்தது. சோவியத் ஒன்றியம் சேராமல் விலகியதால் ஐந்தாவது இடத்துக்கு ஏறி, நிர்வாகக் குழுவில் நிரந்தர நாற்காலி பெற்றோம்.

விடுதலை வந்ததும் நேரு, காங்கிரஸ்காரர் அல்லாத சண்முகம் செட்டியாரையே நிதியமைச்சராக்கினார். 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. வரவு 171 கோடி ரூபாய், செலவு 197 கோடி. செலவில் கிட்டத்தட்டப் பாதி ராணுவத்துக்கே போனது. 1948 ஜூலையில், அந்தப் பழைய பவுன் பாக்கிக்காக லண்டனில் பேசி ஓர் உடன்பாட்டோடு வந்தார். அதில் 10 கோடி பவுன் பிரிட்டன் இங்கே விட்டுப்போன தளவாடங்களுக்கு விலையாகக் கழிந்தது. 16.8 கோடி பவுன் ஆங்கிலேய அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்காகக் கழிந்தது. மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கைக்கு வர ஒப்புக்கொண்டது 8 கோடி பவுன். நம்மை ஆண்டவர்களின் பென்ஷனையும் நம் சேமிப்பிலிருந்தே கொடுத்தோம். அடுத்த மாதமே, வருமான வரி விசாரணைக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட சர்ச்சையில் அவர் பதவி விலகினார்.

கேட்டதில் கால்வாசிகூடக் கிடைக்காத கதையைப் பட்டமளிப்பு விழாவில் ஏன் சொல்கிறேன்? இந்த வேலையின் இயல்பே அதுதான். ஒரு வரி, ஒரு விதி, ஒரு நாற்காலி என்றுதான் கிடைக்கும். 1949இல் உலக வங்கி நம் ரயில்வேக்கு 3.4 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினமும் சாமியார்பேட்டையும் கிள்ளை எம்.ஜி.ஆர். திட்டும் என்ன ஆயின என்பது உங்கள் வீடுகளில் பலருக்குத் தெரியும். மறுசீரமைப்புக்கு அதே வங்கிக் குழுமத்தின் கடன் வந்தது. தானே புயலுக்குப் பிறகு கடலூர் நகரில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகும் வேலைக்கும் வந்தது. கடன் என்பதை மறக்காதீர்கள். நாம்தான் கட்டுகிறோம். கட்டுகிறவர்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்திருக்கவேண்டும்.

எனவே பொருளாதாரம் முதுகலை முடித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊரில் வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஏராளம், நல்லதுதான். அத்தோடு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வையும், ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கான தேர்வையும் எழுதுங்கள். வயதுத் தளர்வு இல்லாதவர்களுக்கு முப்பது வயதைக் கடந்தால் கதவு மூடிவிடும். அடுத்த அறிவிக்கை வந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.