மூக்கில் வளரும் கட்டி: அச்சமும் தெளிவும்



மூக்கடைப்பு என்றால் சளி என்று வாளா இருப்பதும், மூக்கில் கட்டி என்றால் புற்றுநோய் என்று அஞ்சி மறைப்பதும் நம்மிடையே உண்டு. இவ்விரண்டும் மருத்துவத்தைத் தாமதப்படுத்துகின்றன. எனவே, தேவிபட்டினம் உள்ளிட்ட நம் இராமநாதபுரச் சீமை நெடுங்காலமாக அறிந்த ஒரு நோயைக் கொண்டு இப்பொருளை விளக்க விழைகின்றேன்.

வானம் பார்த்த இம்மண்ணில் ஊருணியும் கண்மாயும் நெடுங்காலம் மக்களுக்கு முக்கிய நீராதாரமாக விளங்கின. மனிதரும் கால்நடைகளும் ஒருங்கே குளிக்கும் தேங்கிய நீரிலிருந்து, மூக்கினுள் உள்ள நுண்காயம் வழியே ரைனோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிரி புகுவதாகக் கருதுகின்றனர். அதனால் சிவந்த சதை வளரும். அதன்மேல் வெண்புள்ளிகள் காணப்படும். தொட்டால் குருதி கசியும். 1900ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவில் சீபர் என்பவர் இதனை விவரித்தார். எனினும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமே. நெடுநாள் பூஞ்சை என்று எண்ணப்பட்ட இவ்வுயிரி, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுக்கு உறவானது என்பதை 1999இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இது புற்றுநோய் அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று. ஆதலால் நோயுற்றவரை ஒதுக்கிவைத்தல் அறமாகாது.

ஆயினும், கட்டியின் தன்மையைக் கண்ணால் மட்டும் முடிவுசெய்தல் கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் எண்டோஸ்கோப் கருவியால் உள்ளே நோக்குவார். கட்டி எலும்பையோ கண்ணையோ எட்டியுள்ளதா என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும். வளரிளம் ஆண்பிள்ளைகளுக்கு வரும் ஒருவகைக் குருதிக்குழாய்க் கட்டியில், சிறு துணுக்கு எடுத்தாலும் குருதி பெருகும். எனவேதான் ஸ்கேன் முந்துகிறது. இறுதித் தீர்ப்பு திசுப் பரிசோதனையினுடையது.

ரைனோஸ்போரிடியம் கட்டியை அறுவையால் அகற்றி, அதன் வேரை மின்சூட்டினால் தீய்ப்பர். திரும்ப வளரும் இயல்புடையதாதலின் சிலருக்கு டாப்சோன் மாத்திரையும் தருவர். அறுவைக்குப் பின்னும் மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுதல் இன்றியமையாதது. புற்றுநோயாயின், அதன் வகைக்கும் பரவலுக்கும் ஏற்ப அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவை அமையும். மரத்தூளிடையே பல்லாண்டு உழைக்கும் தச்சர்கள் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

ஒருபக்க மூக்கடைப்பு நீடித்தல், குருதி கலந்த சளி, கன்னத்தில் வீக்கம் அல்லது மரமரப்பு, மேற்பல் ஆட்டம், இரட்டைப் பார்வை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கைவைத்தியத்தில் காலம் கடத்தாதீர்கள். முதியோர் தாமாகச் சொல்லமாட்டார்கள். இளையோர்தாம் கேட்டறிந்து அழைத்துச் செல்ல வேண்டும்.