பெட்டியின் அகலம்



ஓர் இரயில் மார்க்கத்தில் பெட்டிகள் பழுதுபட்டால், அயல் மார்க்கத்திலிருந்து சிலவற்றை இரவல் பெற்று ஓட்டலாம் அன்றோ? தண்டவாளங்களின் இடைவெளி ஒன்றாயிருந்தாற் போதுமென்று எண்ணுவோம். நியூயோர்க் நகரின் நிலத்தடி இரயில் அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றது.

அங்கு 1904ஆம் ஆண்டில் ஒரு தனியார் கம்பெனி முதலாவது சுரங்க மார்க்கத்தை இயக்கத் தொடங்கியது. அதன் பெட்டிகளின் அகலம் ஏறக்குறைய 8 அடி 9 அங்குலம். பின்னர் மற்றொரு கம்பெனிக்கும் நகர நிருவாகத்துக்குமென அமைந்த மார்க்கங்களிலோ 10 அடி அகலப் பெட்டிகள் ஓடின. 1940இல் நகரம் அனைத்தையும் தன்னுடைமையாக்கியது. உரிமை ஒன்றாயிற்று, அளவு ஒன்றாகவில்லை.

அகன்ற பெட்டி பழைய ஒடுங்கிய சுரங்கத்துள் நுழையாது. ஒடுங்கிய பெட்டி அகன்ற பாதையில் ஓடும். ஆயினும் மேடைக்கும் வாயிலுக்குமிடையே ஏழரை அங்குலம் வரை இடைவெளி கூடிவிடும். ஆதலால் 7ஆம் இலக்க மார்க்கத்தின் பெட்டிகள் பெரிய திருத்த வேலைக்காகக் கோனி ஐலண்ட் வேலைத்தலத்துக்கு அகன்ற பாதைவழியே செல்லும்போது பயணிகளை ஏற்றுவதில்லை.

1949இல் அஸ்டோரியா என்னும் உயர்பால மார்க்கத்தின் மேடை விளிம்புகளைக் குறைத்து, அகன்ற பெட்டிகளுக்கு வழிசெய்தனர். மேடையைக் குறைக்கலாம், மண்ணுக்குள் அமைந்த சுரங்கத்தை அகலிப்பது எளிதன்று.

முதல் மண்வெட்டி விழுமுன் வகுக்கும் அளவே, நூறாண்டுகளுக்குப் பின்னரும் மேடையிற் காத்துநிற்பவருக்கு எந்தப் பெட்டி உதவிக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கின்றது. புதிதாக இரயில் அமைக்கும் நகரங்கள் இதனை மனங்கொள்ளல் நன்று.