எரியும் படங்கள்



அமெரிக்கரான ஹாலிஸ் ஃபிராம்ப்டன் முதலில் புகைப்படக் கலைஞர். பிறகு திரைப்படத்துக்கு வந்தவர். 1971-ல் ‘நாஸ்டால்ஜியா’ என்ற 36 நிமிடக் குறும்படத்தை எடுத்தார். அதில் பழைய புகைப்படங்கள் ஒவ்வொன்றாக மின்சார அடுப்பின்மேல் கருகிச் சாம்பலாகின்றன. அப்போது ஒரு குரல் கதை சொல்லுகிறது. அதுவோ அடுத்து வரப்போகும் படத்தின் கதை! ஆகையால் படம் எரியும்போது, முன்பு கேட்டதை நாமே நினைவுகூர வேண்டும்.

நோயாளியின் படுக்கையருகே அமர்ந்திருப்போருக்கு இது மிகவும் பிரயோஜனமான பாடம். முன்னமே கேட்டிருந்தால்தான், படம் எரிந்தபின் நம்மிடம் ஏதாவது மிஞ்சும். ஆகவே வயதான பெற்றோர் பழங்கதை பேசினால் அவசரப்படுத்தாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். பிரியும் நாளில் அவர்களைச் சமாதானத்தோடு அனுப்பிவைக்க அது உதவும்.