வாக்களித்தவர் யார்?

ஹௌராவில் பண்டேல் வண்டி ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சந்திரநாகூரை அடையலாம். ஊக்ளியாற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர் அமைத்த அவ்வூரின் கரையோர வீதியில் உலாவி வந்த நேயர்கள் பலர் இருக்கக்கூடும்.

மக்களின் சம்மதமின்றி எந்நிலப்பகுதியையும் பிறர்க்கு அளித்தல் செல்லாது என்று 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பு விதித்திருந்தது. ஆகவே 1949 ஜூன் 19ஆம் நாள் சந்திரநாகூர் மக்களிடையே பொதுஜன வாக்கெடுப்பு நடைபெற்றது. இந்தியாவுடன் இணைவதற்கு 7,463 வாக்குகள், எதிராக 114. ஐயத்திற்கே இடமில்லாத தீர்ப்பு. எனினும் 1950 மே 2இல் நிருவாகம் கைமாறி, 1952 ஜூன் 9இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, 1954 அக்டோபர் 2இல்தான் அவ்வூர் மேற்கு வங்கத்துடன் சேர்ந்தது.

நம் புதுச்சேரியிலும் கேள்வி அதுவே. ஆயின் முறை வேறு. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடி வாக்களித்தோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேரே. அவருள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். மக்களை நேரே கேட்டிருந்தாலும் முடிவு மாறியிராது என்றே கருதுகிறேன்.

ஆனால், யாரைக் கேட்பது என்பதே முடிவைத் தொட்டுவிடும் இடங்களும் உண்டு. 1947 ஜூலையில், அசாமிலிருந்த சில்ஹெட் மாவட்டம் கிழக்கு வங்காளத்துடன் சேர வேண்டுமா என்று வாக்கெடுத்தனர். சேர 2,39,619 பேரும், அசாமிலேயே இருக்க 1,84,041 பேரும் வாக்களித்தனர். சோட்டா நாகபுரி, ஒரிசா முதலிய இடங்களிலிருந்து வந்து அங்கேயே உழைத்து வாழ்ந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிலையான குடிகளல்லர் எனக் கருதப்பட்டு விலக்கப்பட்டனர். ஒரு மாவட்டம் எந்நாட்டில் இருப்பது என்ற வினாவை, அம்மண்ணில் வாழ்ந்தவர்களிடம் கேளாது விட்டது நியாயமன்று.

1967 ஜனவரி 16இல், கோவா மகாராஷ்டிரத்துடன் இணைவதா, யூனியன் பிரதேசமாகவே நீடிப்பதா என்று கேட்டபோது நிலை தலைகீழாயிற்று. வெளியூர்களில் வாழ்ந்த கோவா மக்கள் தமக்கும் வாக்கு வேண்டினர், அது ஏற்கப்படவில்லை. அவர்தம் மனத்தாங்கல் நமக்கு நன்கு விளங்கும். ஆயினும், முடிவின் பயனை நாள்தோறும் நுகரப்போகிறவர் அங்கு வாழ்பவரே அன்றோ?

நமது கூட்டாட்சியின் அரசியலமைப்பிலோ பொதுஜன வாக்கெடுப்புக்கு வழிவகை இல்லை. தேர்தலே நம் கருவி. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவர் பிறந்த ஊரைக் கேட்பதில்லை. வழக்கமாக வசிக்கும் ஊரையே கேட்கிறது. லேக் மார்க்கெட்டருகே குடியிருக்கும் தமிழரின் பெயர் அவ்வட்டாரத்து வாக்காளர் பட்டியலில்தான் இருத்தல் வேண்டும்.