மீனுக்கு மட்டும் விசாரணையா?

வீடு வாடகைக்கு விடுகிற வெள்ளவத்தைப் பெருமக்களே! கை தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வாடகைப் பக்கத்தைப் பாருங்கோ. 'சைவ போசனக் குடும்பம் மட்டும்.' வீடு பார்க்கப் போனால் இன்னும் விசேஷம். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ? சிரிக்கிறீர்கள், கேட்டதே நீங்கள்தானே! ஒரு மீன்தலைக்கு இவ்வளவு விசாரணை. சிகரெட்டுக்கு ஒரு கேள்வி உண்டா?

மீன் வாசம் மறுநாள் போய்விடும் ஐயா. நான் முந்தி இருந்த பிளாட்டில் எனக்கு முன் இருந்தவர் மூன்று வருஷம் பத்தித் தள்ளியவர். வெள்ளைப் பெயின்ட் இரண்டு தரம் அடித்தும், மாரி தொடங்க, குளியலறைச் சுவரில் தேத்தண்ணிச் சாயம் மாதிரி மஞ்சள் ஒழுகியது. பெயின்ட் காசு யாருடையது? வீட்டுக்காரருடையது! தட்டுங்கோ, அவருக்கும் ஆறுதலாக இருக்கும்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் புகையைத் தடுத்தது. வீட்டுக் கதவடியில் சட்டம் நின்றுவிடும், புகை நிற்குமா? மற்றவன் ஊதிய புகையால் மட்டும் வருஷம் பத்து லட்சம் பேருக்கு மேல் சாகினம். அமெரிக்காவில் அரசாங்க வாடகை வீடுகளுக்குள் 2018இலேயே சிகரெட்டை நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்கா ஏன்? கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு மனுஷன். பேர் சொல்ல விடமாட்டார். நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். கீழ்மாடிப் புகை குளியலறை ஜன்னலால் ஏறி, மேல்வீட்டுப் பிள்ளைக்குத் தொய்வு. அடுத்த லீஸில் நொத்தாரிசைக் கொண்டு ஒரு வரி எழுதுவித்தார்: வீட்டுக்குள்ளும் பல்கனியிலும் புகைத்தல் கூடாது. பத்துகிறவனுக்கு வீடில்லை என்று அவர் சொல்லவில்லை. றோட்டுக்குப் போய்ப் பத்து என்றார். வீடு காலியாகக் கிடக்குதோ? ஒரு நாள்கூடக் கிடக்கவில்லை!

அவர் மேடை ஏறாத மனுஷன். ஏறுகிறவர்களும் இருக்கினம். போன மாதம் இதே மைக்கில் புற்றுநோயைப் பற்றி உருகினார்கள்; உருகி முடித்துப் பின்கதவால் போய்ப் பற்றவைத்தார்கள்! யாரென்று நான் சொல்லவில்லை, இருமல் சொல்லும். சரி, தலைவர் துண்டு அனுப்புகிறார்.

முடிக்கிறேன் தலைவரே. கொட்டாஞ்சேனை மனுஷன் பின்வரிசையில்தான் இருக்கிறார். திரும்பிப் பார்க்காதேங்கோ, வெட்கப்படுவார். அந்த லீஸைப் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். போகும்போது ஆளுக்கொன்று வாங்குங்கோ. மூன்றாம் பக்கம், கீழிருந்து இரண்டாவது வரி.